ஏப்ரல் வகுப்பு

7 ஏப்ரல் 2025, திங்கள்

நாளைக் காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில், எழுத்துத் தாளில் நூற்றுக்கு 30 எடுக்காதவர்களுக்குத் தனி வகுப்பு. எந்தப் பாடத்தில் குறைந்ததோ அந்தப் பாடத்துக்கு மட்டும். 24ஆம் தேதி வரை நடத்தி, பிறகு மறுதேர்வு. இந்த வருஷம் எட்டு, அடுத்தது ஒன்பது, அதற்கடுத்தது பத்து என்று கேரள அரசு உத்தரவு. எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2024இல் 99.69 சதவீதம். அந்த எண்ணை யாரும் முழுதாக நம்பவில்லை, அதனால்தான் இந்த ஏற்பாடு என்பது என் கணிப்பு. ஸ்டாஃப் ரூமில் இதை உரக்கச் சொல்ல முடியாது.

ஒன்று நல்லது. மறுதேர்விலும் 30 வராவிட்டால் பிள்ளையை எட்டிலேயே உட்கார வைக்கப்போவதில்லை. போன டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்கலாம் என்றது. தமிழ்நாடும் கேரளமும் அந்த வழிக்குப் போகவில்லை. ஒரு வருஷம் திரும்பப் படித்தால் மட்டும் புரிந்துவிடுமா என்ன? முதல் தடவை எங்கே இடறினானோ அதே இடத்தில்தான் இரண்டாம் தடவையும் இடறுவான்.

கணக்குக்கு எனக்கு வந்த பட்டியலில் பதினோரு பேர். விடைத்தாள்களை மறுபடி எடுத்துப் புரட்டினேன். இந்த முறை மார்க் போடுகிற அவசரம் இல்லை. −3 −5 என்பதற்கு +8 என்று நாலு தாளில். பெருக்கலுக்குச் சொன்ன ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ கூட்டலுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1/2 + 1/3 = 2/5, மூன்று தாளில். 0.15, 0.5 இவற்றில் எது பெரியது என்பதற்கு 0.15 என்று ஒருவன். பதினைந்து ஐந்தைவிடப் பெரியதுதானே! கண்ணை மூடிக்கொண்டு எழுதிய விடை இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஏதோ ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றி வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஒரு தாள் மட்டும் வெறுமை. பெயர், டிவிஷன், ரோல் நம்பர், நல்ல கையெழுத்து, அத்தோடு சரி. தப்பு இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் மனசுக்குள் போய்விடலாம். வெள்ளைத் தாளில் எதைப் பிடிப்பது?

8 ஏப்ரல், செவ்வாய்

ஒன்பது பேர் வந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மற்றவர்கள் கிரவுண்டில் பந்தடிக்கிற நேரத்தில் நம்மை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்கிற முகம். ஒரு பாட்டி வந்து, “தோத்த பிள்ளைகளுக்கான கிளாஸ் இதுதானா?” என்று வாசலிலேயே நின்று கேட்டார். “கணக்கு கிளாஸ், அம்மா” என்றேன்.

பலகையில் ஒரு கணக்கு எழுதி, நோட்டில் போடச் சொல்லி, வரிசையாகப் போய் “எப்படிக் கிடைத்தது?” என்று மட்டும் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் ரப்பரை எடுத்து விடையை அழித்துவிட்டார்கள். சரியான விடை எழுதியிருந்த பெண்ணும் அழித்தாள்.

எட்டு வருஷப் பள்ளிக்கூடம் இவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. விடை தப்பாக இருந்தால் மட்டும்தான் டீச்சர் ‘எப்படி’ என்று கேட்பார். சரி என்றால் ஒரு டிக், அடுத்த பெஞ்சு. ஆகையால் சரியான விடைக்கும் கேட்கப்போகிறேன், அது அலுத்துப்போகிற அளவுக்கு. பேனாவால் எழுதுங்கள் என்றும் சொல்லிவிட்டேன். ரப்பர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மத்தியானம் சக ஆசிரியர் ஒருவர், “பழைய கேள்வித்தாள் நாலை எடுத்து வாங்கு வாங்கென்று வாங்கினால் 30 தாண்டிவிடும் டீச்சர், எதற்கு வீண் பாடு” என்றார். தாண்டிவிடும், அது உண்மைதான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

9 ஏப்ரல், புதன்

பயிற்சி வகுப்பு ஒன்றில் கேட்ட பென்னியின் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் எர்ல்வாங்கர் என்பவர் 1973இல் எழுதிய கட்டுரை. பென்னிக்குப் பன்னிரண்டு வயது. தானே படித்து, தானே தேர்வெழுதி, 80 சதவீதம் வாங்கினால் அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்கிற முறையில் படித்துக்கொண்டிருந்தான். வேகமாக முன்னேறுகிற பையன் என்று ஆசிரியருக்குத் திருப்தி. உட்காரவைத்துப் பேசிப் பார்த்தால் 2/10 என்பதை 1.2 என்கிறான், 5/10 என்றால் 1.5. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி நடுவில் ஒரு புள்ளி. தேர்வுத்தாளின் விடைப்பட்டியலோடு தன் விடை ஒத்துப்போகாதபோது, ஒரே விடையைப் பல மாதிரி எழுதலாம், பட்டியலில் ஒன்றைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

80 வாங்கியவனுக்குள் இப்படி ஒரு கணக்கு ஓடியிருக்கிறது என்றால், நம்முடைய 30க்குள் என்னவெல்லாம் ஓடும்?

மைனஸ்காரர்கள் நாலு பேரையும் இன்று சேர்த்து உட்காரவைத்தேன். விதியே சொல்லவில்லை. லிஃப்ட் கதை. தரைத்தளத்துக்குக் கீழே மூன்றாவது தளத்தில் நிற்கிறீர்கள், இன்னும் ஐந்து தளம் இறங்கினால்? “கீழே எட்டு.” எழுதினால்? ஒருத்தி பேனாவை வைத்துவிட்டு, “அப்போ மைனஸும் மைனஸும் பிளஸ் என்று சொன்னது பொய்யா டீச்சர்?” என்றாள். பொய் இல்லை, அது வேறு இடத்துச் சட்டம். அதற்கு ஒரு மணி நேரம் போயிற்று. ஒரு வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு இந்த ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

10 ஏப்ரல், வியாழன்

இந்தக் கூட்டத்தின் வயசைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியபோது மூன்றாம் வகுப்பு. ஜூன் 1ஆம் தேதி விக்டர்ஸ் சானலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ தொடங்கியபோது நாலு. 2021 நவம்பர் 1ஆம் தேதி திரும்ப உள்ளே வந்தபோது ஐந்தாம் வகுப்பில் பாதி ஓடிப்போயிருந்தது. பெருக்கல், வகுத்தல் கைக்குள் வந்து, பின்னம் எட்டிப்பார்க்கிற வயசு முழுக்க டிவி முன்னால் போயிருக்கிறது. டிவி நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தது. பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டால் அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு டீச்சருக்கு ஆறாம் வகுப்புப் பாடம், ஏழுக்கு ஏழு. நடுவில் விழுந்த பள்ளத்தைத் தாண்டித் தாண்டி எல்லோரும் போய்க்கொண்டிருந்தோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைக்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சட்டம் 2009இல் வந்தது. அதற்கான நேரம் டைம்டேபிளில் இன்னும் வரவில்லை.

11 ஏப்ரல், வெள்ளி

பத்மநாபசாமி கோயில் பங்குனி ஆராட்டு. சாமி சங்குமுகம் கடலுக்குப் போகிற வழியில் விமான ஓடுபாதை இருப்பதால் சாயங்காலம் சில மணி நேரம் விமானமே நின்றுவிடும். கோட்டைப் பக்கம் நடக்க இடமில்லை.

0.15 பையன் வரவில்லை. ரெஜிஸ்டரில் ஆப்சென்ட். வருகிற நாட்களிலும் பதினோரு மணிக்கெல்லாம் கண் செருகிவிடுகிறது. “உறக்கம், எப்பவும் உறக்கம்தான்” என்று மலையாளம் டீச்சர் போன வருஷமே சொல்லியிருக்கிறார். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை, தோவாளைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நானும் தமிழ்க்காரி என்பதால் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவான், அதுவும் மற்றவர்கள் காதில் விழாத அளவுக்கு.

13 ஏப்ரல், ஞாயிறு

நாளைக்கு விஷு, நமக்குச் சித்திரை ஒன்று. கணிக்குக் கொன்றைப்பூவும் வெள்ளரிக்காயும் வாங்க சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். எழுத்தாளர் ஆ. மாதவன் கடை வைத்திருந்த தெரு. தன் கதை மனிதர்களை அவர் இங்கிருந்துதான் எடுத்தார். இன்றைக்கு அந்த மனிதர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்துவிட்டதுபோல நெரிசல்.

பூக்கடையில் நம்ம 0.15 பையன். ஒரு அம்மா பிச்சி கேட்டார். கிலோ எண்ணூறு, நூற்றைம்பது கிராம் போதும் என்றார். அவன் தராசில் பூவை அள்ளிப் போடும்போதே “நூத்தியிருபது” என்றான். அந்த அம்மா இருநூறு ரூபாயும் கூட ஒரு இருபதும் நீட்ட, நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தான். கை அப்படியே நின்றுவிட்டது.

“எப்படிக் கிடைத்தது நூற்றிருபது?”

பழக்கதோஷம். அவன் கண் ரப்பரைத் தேடியது என்றே நினைக்கிறேன். பிறகு மெதுவாக, “நூறு கிராமுக்கு எம்பது. அம்பதுக்கு அதுல பாதி, நாப்பது” என்றான்.

அவன் அப்பா ஸ்டூலைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். “காலம்பற மூணு மணிக்கு வண்டி வந்திரும் டீச்சரே. இவன்தான் கூட நின்னு எடைபோட்டு எறக்குவான். கணக்குல இவன ஏமாத்த முடியாது. ஸ்கூல்ல மட்டும் என்னத்துக்குத் தோக்கான்னு தெரியல்ல.”

குடும்பத் தொழிலில் பிள்ளை ஒத்தாசை செய்வதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது, பள்ளி நேரம் போக. மூன்று மணி பள்ளி நேரம் இல்லைதான், ஆனால் இரவு ஏழு முதல் காலை எட்டு வரையும் விதி தடுக்கிறது. அதோடு, மூன்று மணிக்கு எழுந்தவனுக்குப் பதினோரு மணி என்பது நடுச்சாமம் மாதிரி. “அண்ணாச்சி, மறுதேர்வு முடிகிற 28ஆம் தேதி வரைக்கும் இவனை ஆறு மணி வரை தூங்க விடுங்க. சாயங்காலம் கடைக்கு வரட்டும்” என்றேன். யோசித்தார். நாளைக்கு விஷு முடிஞ்சிரட்டும், அப்புறம் தம்பியை வரச்சொல்லிப் பார்க்கிறேன் என்றார். பூவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்தேன். மிச்சத்தைப் பையன்தான் எண்ணித் தந்தான்.

14 ஏப்ரல், திங்கள்

கணி கண்டாயிற்று, கைநீட்டம் கொடுத்தாயிற்று. மத்தியானம் உட்கார்ந்து பிரேசில் கட்டுரையை மறுபடி படித்தேன். ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் எலுமிச்சையும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் கராஹரும் அவர் கூட்டாளிகளும் கணக்குக் கேட்டு 1985இல் எழுதியது. விற்கிற இடத்தில் வாடிக்கையாளர் மாதிரி கேட்டால் நூற்றுக்கு 98 சரி. அதே எண்களைக் காகிதத்தில் வெறும் கணக்காகக் கொடுத்தால் 37.

நம் ஊரிலும் பார்த்துவிட்டார்கள். இந்தப் பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினுடையது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்கிற ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். வியாபாரக் கணக்கு மனசிலேயே வருகிறது, பள்ளிக்கூடக் கணக்கு வரவில்லை. பள்ளியில் மட்டும் படித்த பிள்ளைகளுக்கு நேர்எதிர்: பாடக்கணக்கு ஓரளவு வருகிறது, சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் நம் ஸ்டாஃப் ரூம்கள் பேச வேண்டும். கணக்கில் ஏ பிளஸ் வாங்குகிற பிள்ளைகளைச் சாலைக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க எனக்கு ஆசை.

15 ஏப்ரல், செவ்வாய்

பையன் முழித்துக்கொண்டு வந்திருந்தான்.

“கடைத் தராசில் நூற்றைம்பது கிராம் வைத்தால் என்ன நம்பர் விழும்?” நோட்டில் எழுதினான்: 0.150. அரைக்கிலோவுக்கு? 0.500. இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் விடைத்தாளில் இருந்த 0.15, 0.5 இரண்டுக்கும் பின்னால் தானே பூஜ்யங்களைப் போட்டுப் பார்த்தான். “இது அரைக்கிலோவா?” என்றான். கேள்வி என்னிடம் கேட்டதல்ல.

சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுத்த கணக்கைக் கொடுத்தேன்: 0.4, 0.3875. புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் உள்ள எண் தராசில் விழாது. மறுபடி 0.3875 பெரியது என்றான். தசமம் புரிந்துவிடவில்லை. கிராமாக மாற்றிக்கொள்ளத் தெரிந்தது, அவ்வளவே. கடையிலிருந்து பாடத்துக்கு வருகிற வழி ஒரே எட்டில் முடிவதில்லை, நடுவில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று ஒவ்வொரு இடமும் நின்று வரவேண்டும். கட்டம் போட்ட தாளில் பத்துப் பத்தாக வெட்டி நிரப்பச் சொல்லியிருக்கிறேன். ‘வாழ்க்கையோடு இணைத்துக் கற்பித்தல்’ என்று பயிற்சிகளில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இணைத்த பிறகு கழற்றவும் வேண்டும், அதுதான் கஷ்டம்.

16 ஏப்ரல், புதன்

விடையை முதல் நாள் அழித்தாளே, அந்தப் பெண். வாயால் கேட்டால் பட்டென்று சொல்கிறாள். சதுரத்தின் சுற்றளவு, வட்டி, விகிதம் எல்லாமே. எழுத்தில் கொடுத்தால் நின்றுவிடுகிறாள். இன்று கேள்வியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். மற்ற பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான். முதல் எழுத்தைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கிறாள். கூட்டெழுத்து வந்தால் தாண்டிவிடுகிறாள். மலையாளத்தில் மட்டும் என்றால் வேறு காரணம் தேடலாம். இங்கிலீஷிலும் இந்தியிலும் இதேதான். பார்த்து எழுதினால் முத்து முத்தாக எழுதுகிறாள், அதனால்தான் இத்தனை வருஷம் எவர் கண்ணிலும் படவில்லை. நோட்டுப் புத்தகம் அழகாக இருக்கிற பிள்ளையை யார் சந்தேகப்படுவார்கள்?

பி.ஆர்.சி.யிலிருந்து (வட்டார வள மையம்) வருகிற ஸ்பெஷல் எஜுகேட்டரிடம் காட்டினேன். “முதலில் கண், அடுத்தது காது. அது இரண்டும் சரியென்றால்தான் மற்றது” என்றார். நிதானமானவர். மெல்லப் படிக்கிற பிள்ளைக்கெல்லாம் டிஸ்லெக்ஸியா என்று முத்திரை குத்துவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. தேர்ச்சி சதவீதத்தை ஏற்றுவதற்காகச் சில இடங்களில் சர்டிபிகேட் வாங்கிக் குவித்ததாகப் புகார் எழுந்த மாநிலம் இது. அதற்குப் பயந்து, உண்மையிலேயே தேவைப்படுகிற பிள்ளையை விட்டுவிடவும் கூடாது.

சாயங்காலம் அவள் அம்மா வந்தார். கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடை வேலை, அரை மணி நேரம் பெர்மிஷன். நான் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிற சைல்டு டெவலப்மென்ட் சென்டரின் பெயரைச் சொன்னதுமே முகம் மாறியது.

“டீச்சரே, எம்பொண்ணு பைத்தியம் ஒண்ணும் இல்லையே?”

“பைத்தியமா? வகுப்பிலேயே வேகமாக மனக்கணக்குப் போடுகிறவள் அவள்தான்.”

“அப்ப எதுக்கு ஆஸ்பத்திரி? நாளைக்கு ஒரு கல்யாணம் காரியம்னா இந்தக் கடலாசு கூட வரும்.”

பொருட்படுத்த வேண்டிய பயம்தான் இது, சிரித்துத் தள்ளுகிற விஷயம் இல்லை. 2016ஆம் வருஷச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் மாற்றுத்திறன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதனால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் கிடைக்கும். இதையெல்லாம் சொல்லலாம். அவருக்கு வேண்டியது சலுகைப் பட்டியல் இல்லை. பெண்ணை அழைத்து, அம்மா எதிரிலேயே கேள்வியை நான் படித்தேன், அவள் விடை சொன்னாள். அதே கேள்வியை அவள் கையில் கொடுத்தேன். அம்மா அதுவரை மகள் படிக்கத் தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லையாம். கண் ஆஸ்பத்திரிக்கு மட்டும் முதலில் போகிறேன் என்றார். போகட்டும், அது போதும்.

21 ஏப்ரல், திங்கள்

ஈஸ்டர் முடிந்து வகுப்பு. இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள்.

வெள்ளைத்தாள்காரனுக்கு இன்று வேறு வழி பிடித்தேன். கணக்கு எதுவும் கொடுக்கவில்லை. வேறொரு பையன் போட்டது என்று சொல்லி, தப்பான கணக்குகளை நானே எழுதிக் கொடுத்தேன். “இவன் எங்கே சறுக்கினான் என்று கண்டுபிடி.” பேனாவை எடுத்தான். வட்டம் போட்டான். “இவன் மண்டன்” என்றான். “இல்லை, அவனுக்கு இப்படித் தோன்றக் காரணம் இருக்கும். என்ன அது?” கால் மணி நேரம் பேசினான். பின்னத்தின் கீழ் எண்களை ஏன் கூட்டக்கூடாது என்பதற்கு அவன் சொன்ன விளக்கம் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட மேல்.

“இவ்வளவு தெரிந்தவன் தாளில் ஏன் ஒன்றும் எழுதவில்லை?”

“தப்பா எழுதினா பூஜ்யம். எழுதலேன்னாலும் பூஜ்யம். எழுதலேன்னா யாரும் வாசிச்சுச் சிரிக்க மாட்டாங்க.”

ஆறாம் வகுப்பில் யாரோ இவன் விடையைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். யார் என்று அவன் சொல்லவில்லை, நானும் துருவவில்லை. அவன் கணக்கில் பிசகே இல்லை. எங்கே நஷ்டம் குறைவோ அங்கே நின்றுகொண்டான்.

22 ஏப்ரல், செவ்வாய்

மீட்டிங். ‘பிற்படும் மாணவருக்கான ஆதரவு’ என்று தலைப்பு, ஸ்லைடு, டீ, பருப்பு வடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அம்பூரி உஷாகுமாரி டீச்சரை நினைவுபடுத்தினார். நெய்யாறு நீர்த்தேக்கத்தில் தானே தோணி துழாவி, மலையேறி, குன்னத்துமலை ஒற்றையாசிரியர் பள்ளியில் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இருபத்துமூன்று வருஷம் பாடம் நடத்தியவர். 2022இல் அந்த மாதிரிப் பள்ளிகளை மூடினார்கள். அந்த ஜூனில் அவருக்குக் கிடைத்த வேலை, பேரூர்க்கடையில் ஒரு பள்ளியில் துப்புரவுப் பணி. ஒரே நபர் எல்லா வகுப்பையும், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்திருந்த அந்த அறிவுக்கு எந்த ஸ்லைடிலும் இடம் இல்லை. வடை நன்றாக இருந்தது.

24 ஏப்ரல், வியாழன்

கடைசி நாள். பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தேன், கடைசி இரண்டு நாளும் அதுவும் வேண்டியிருந்தது. தேர்வு என்று ஒன்று இருக்கும்போது அதன் பழக்கத்தையும் கற்றுக்கொடுக்காமல் விடுவது பிள்ளைக்குச் செய்கிற துரோகம். இந்திக்கும் தனி வகுப்பில் இருக்கிற மூன்று பேர் பன்னிரண்டரைக்குள்ளேயே சோர்ந்துவிட்டார்கள். 0.4 பெரியது என்று பூக்கடைப் பையன் இன்று கட்டத்தாள் இல்லாமல் சொன்னான். எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டான், நிறுத்த முடியவில்லை.

30 ஏப்ரல், புதன்

முடிவு போட்டாயிற்று. பதினொன்றில் எட்டுப் பேர் 30 தாண்டினார்கள். பூக்கடைப் பையன் தாண்டினான், பெரிய எண் ஒன்றும் இல்லை. வெள்ளைத்தாள்காரன் எல்லாக் கேள்விக்கும் ஏதாவது எழுதியிருக்கிறான், பாதிக்கு மேல் சரி. அந்தப் பெண் தாண்டவில்லை. கேள்வியை யாரும் படித்துக் காட்ட முடியாதே. கண்ணில் கோளாறு இல்லை என்று சீட்டு வந்திருக்கிறது. ஜூனில் சைல்டு டெவலப்மென்ட் சென்டருக்குப் போக அம்மா அரை மனசாய்ச் சம்மதித்திருக்கிறார், நானும் கூட வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. தாண்டாத மற்ற இருவர் ஈஸ்டருக்குப் போனவர்கள். அவர்களைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

பதிவேற்றுவதற்கான படிவத்தில் மார்க்குக்கு மட்டும் கட்டம் இருந்தது. அதனால் பிள்ளைக்கு ஒரு தாள் என்று தனியாக எழுதினேன். எந்தத் தப்பை எதனால் செய்கிறான், எது நகர்ந்தது, எது நகரவில்லை, எந்த நேரத்தில் தூங்குகிறான், எதைச் சத்தமாக வாசிக்கக்கூடாது. ஒன்பதாம் வகுப்புக்கு வரப்போகிற கணக்கு சாரிடம் கொடுத்தேன். உட்கார்ந்து முழுசும் படித்தார். “இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே டீச்சர், மார்க் எங்கே?” என்றார்.

“பின்பக்கம் இருக்கிறது சார்.”